இருபத்தாறு மூடிகள்

மாநாட்டு மண்டப வாசலில் காவலாளி கையை நீட்டி வால்வுக்காரரைத் தடுத்தார்.

"இதை உள்ள கொண்டு போகக் கூடாது."

"இது ஒண்ணும் இல்லீங்க. வால்வு திருகுற கம்பி."

"எந்தக் கம்பியா இருந்தா என்ன? உள்ள நாலு பேரு வாய்ச்சண்டை போடுறப்ப இது ஒருத்தர் கையில மாட்டினா, நாளைக்குப் பேப்பர்ல என் போட்டோதான் வரும்."

கம்பி ஐந்தடி நீளம். மேலே குறுக்காக ஒரு பிடி, கீழே வால்வுத் தலையைக் கவ்வுகிற சதுரக் குழிவு. இருபத்திரண்டு வருடமாக அது வால்வுக்காரரின் தோளில் இருப்பதால், சட்டையின் வலது பக்கம் மட்டும் சீக்கிரம் கிழியும். பழைய நகரத்தில் தெருத்தெருவாகக் குடிநீர் திறந்துவிடுகிற வால்வுக்காரர் என்று சொன்னால் குழந்தைக்குக்கூடத் தெரியும். வீட்டுக்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்து நேரம் சொல்வதில்லை. கம்பி தரையில் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுச் சொல்வார்கள்.

கம்பியைக் காவலாளியின் நாற்காலிக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, "பதினோரு மணிக்கு முன்னாடி வேணும்" என்றார்.

"நான் என்ன தின்னுடவா போறேன்? போங்க."

வாசல் மேசையில் ஒரு டோக்கன் கொடுத்தார்கள். பதினேழு. ஆளுக்கு மூன்று நிமிடம். பத்து மணிக்குக் குடியிருப்போர் பேச்சு தொடங்கும், பன்னிரண்டுக்குத் தீர்மானம் என்று அச்சடித்த தாளில் இருந்தது. பத்துக்குத் தொடங்கினால் பதினேழாவது ஆள் பத்து ஐம்பத்தொன்றுக்குப் பேசி முடிப்பார் என்று அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். சரியாக இருந்தது. மாநாடுகள் அச்சடித்த தாளைப் பார்த்து நடப்பதில்லை என்பது அவருக்குத் தெரியாது.

மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு நகரத்தின் வரைபடம் தொங்கியது. பழைய மதில், தோரணவாயில், மணிக்கூண்டு, சந்துகள் எல்லாம் அழகாக இருந்தன. தெருக்கள் முழுக்க ஒரே சாம்பல் நிறம். அதுதான் திட்டம். பழைய நகரத்தின் எல்லாத் தெருவையும் சுவரிலிருந்து சுவர் வரை கருங்கல் பலகையால் மூடி, நானூறு வருடத்துக்கு முன்பு இருந்த தோற்றத்தைக் கொண்டுவருவது. ஒவ்வொரு பலகையும் நாலு ஆள் தூக்கும் கனம். கான்கிரீட்டில் பதித்தால் பிறகு பெயர்க்க முடியாது. இன்றைக்குத் தீர்மானம் நிறைவேறினால் திங்கட்கிழமை வேலை தொடக்கம்.

சாம்பல் நிறத் தெருக்களில் பதினொரு நீல வட்டங்கள் இருந்தன. குடிநீர் வால்வு மூடிகள். அந்தப் பதினொன்றுக்கு மட்டும் கல்லில் துளை விடுவார்கள். வரைபடத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில், "நீர்வழித் தகவல்: வால்வுப் பணியாளர்" என்று போட்டிருந்தது.

அந்தப் பணியாளர் அவர்தான். ஆனால் மூடிகள் பதினொன்று இல்லை. இருபத்தாறு.

மீதிப் பதினைந்தும் எங்கே என்று அவருக்கும் அந்தந்த வீட்டுக்காரர்களுக்கும் மட்டும்தான் தெரியும். சந்து குறுகல், வீடு சிறியது. ஒருவர் மூடியின் மேல் மரப்படி போட்டார். இன்னொருவர் செருப்பு அலமாரி வைத்தார். தையற்காரர் தன் மிஷினை வைத்தார், மருந்துக்கடைக்காரர் சிமெண்டு படி கட்டி நடுவில் மட்டும் தூக்குகிற மாதிரி ஒரு பலகை விட்டார். வால்வுக்காரர் கம்பியால் இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளே இருப்பவர்கள் வந்து சாமானை நகர்த்துவார்கள். அவர் திருகிவிட்டுப் போவார், சாமான் திரும்பவும் மூடியின் மேல் ஏறிக்கொள்ளும். யாரும் இதை ஏற்பாடு என்று சொல்லவில்லை. அப்படியே நடந்தது.

ஐந்து மாதத்துக்கு முன்பு, தெருக்களை வரைபடம் எடுக்கக் கட்டடக்கலை படித்த ஒரு பெண் வந்தார். எல்லோரும் அவரை வரைபடக்கார அம்மா என்றார்கள். அதற்கு முதல் நாளே ஊரெல்லாம் பேச்சு: குழாய்க்கு மேல் படி வைத்தவர்கள் பட்டியல் எடுக்கிறார்களாம், இடிக்கப்போகிறார்களாம். பதினைந்து வீட்டிலிருந்தும் வால்வுக்காரரைத் தேடி ஆள் வந்தது. எல்லோருக்கும் முன்னால் வந்தது அவருடைய அக்கா.

கீழ்த் தெரு முனையில் அக்காவுக்கு ஓர் இஸ்திரிக் கடை. நாலடிக்கு ஆறடி. கடை முழுவதுமே தெருவின் மேல்தான் நிற்கிறது. கடையின் நடுவில் இஸ்திரி மேசை. மேசைக்கு அடியில் கீழ்த் தெருவின் முதன்மை வால்வு மூடி. அறுபது வீட்டுக்குத் தண்ணீர் அந்த ஒரு வால்வு வழியாகத்தான் போகும்.

"வாயைத் திறந்தே, எனக்கு அடுப்பு எரியாது" என்று அக்கா அன்றைக்குச் சொன்னாள்.

அவர் திறக்கவில்லை. இரண்டு நாள் வரைபடக்கார அம்மாவோடு தெருத்தெருவாக நடந்து, பதினொன்றைக் காட்டி, "அவ்வளவுதாம்மா" என்றார். அந்தப் பெண் அவரை நம்பி எழுதிக்கொண்டார். அப்போது இந்தக் கருங்கல் யாருடைய கனவிலும் இல்லை. படிகளை இடிக்காமல் அப்படியே கல்லுக்குள் வைத்து, தெருவில் நிற்கிற கடைகளின் தரைக்கும் கல் போட்டுப் பூசிவிடப்போகிறார்கள் என்பது போன வாரம்தான் தெரிந்தது. இரண்டு தடவை அந்தப் பெண்ணின் அலுவலகத்துக்குப் போனார். இரண்டு தடவையும் பூட்டு. மாநாட்டுத் தலைவரான மருந்துக்கடைக்காரரிடம் போய்த் தயங்கி நின்றபோது, "மாநாட்டுல பேசுங்க, பதிவாகும்" என்று சொல்லிவிட்டு அவர் ரொம்ப வேலையாக இருமல் மருந்தை அடுக்கத் தொடங்கினார்.

பத்து முப்பத்தைந்து ஆனது. மேடையில் இன்னும் ஆறாவது டோக்கன்.

பல் மருத்துவர் பேசிக்கொண்டிருந்தார். "தோரணவாயில் இந்த நகரத்தின் வாய். அதில் ஒவ்வொரு கல்லும் ஒரு பல். ஒரு பல் ஆடினால் என்ன ஆகும்?"

"உங்க கிளினிக் நிறையும்!" என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, மண்டபம் சிரித்தது. பல் மருத்துவரும் சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதற்கு முன்பு புறாக்களைப் பற்றி ஒருவர் பேச, பூனை வளர்க்கும் அம்மா ஒருவர் எழுந்து பதில் சொல்ல, கார் நிறுத்துகிற இடம் பற்றி அண்டை வீட்டார் இருவர் பத்து வருடப் பகையை மைக்கில் தீர்த்துக்கொண்டார்கள். மணி அடிக்கவேண்டிய தலைவர் மணியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் தலையாட்டினார்.

வால்வுக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கால் தானாக ஆடியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், இரண்டும் சேர்ந்து தன்னைக் கேலி செய்கிற மாதிரி தோன்றும். எட்டரை மணிக்கே மேல் தெருவுக்குத் திறந்துவிட்ட தண்ணீர். பதினோரு மணிக்கு அதை மூடிக் கீழ்த் தெருவைத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் தொட்டி மேலேயே காலியாகிவிடும். கீழே அறுபது வீட்டுக்கு நாளைக் காலை வரை சொட்டு வராது.

"காலை ஆட்டாதே. என் நாற்காலியும் சேர்ந்து ஆடுது."

அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். கீழ்த் தெருவின் பிரதிநிதி. முழங்கால் வலிக்குத் துணி சுற்றியிருந்தாள்.

"அக்கா, மணி ஆகுது."

"எனக்கும் கண்ணு இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "மூடியைப் பத்திப் பேசத்தானே வந்திருக்கே?"

அவர் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முழிக்காதே. நேத்து நீ வந்து துணி வாங்கினப்பவே தெரியும். சட்டையை இஸ்திரி போடுன்னு இத்தனை வருஷத்துல நீ கேட்டதே இல்ல."

"பேசாட்டி தெருவுக்கே தண்ணி போயிடும்க்கா."

"பேசினா எனக்குக் கடை போயிடும்."

மேடையில் ஏழாவது டோக்கன் ஏறியது. மதிலின் வரலாற்றை எழுதியிருப்பவர். கையில் தடிமனாக ஒரு கோப்பு.

வால்வுக்காரர் டோக்கன்களை ஒழுங்குபடுத்துகிறவரிடம் போய், "என்னைக் கொஞ்சம் முன்னாடி விடுங்க, தண்ணி திறக்கணும்" என்று கெஞ்சினார்.

"எல்லாருக்கும்தான் வேலை இருக்கு. வரிசைன்னா வரிசை. கூப்பிடறப்ப ஆள் இல்லேன்னா டோக்கன் செல்லாது."

பத்து ஐம்பது. திரும்பி வந்து நின்றார். உட்காரவும் முடியவில்லை.

அக்கா கையை நீட்டினாள். "டோக்கனைக் குடு. நான் பார்த்துக்கறேன். நீ போய்த் திறந்துட்டு வா."

அவர் டோக்கனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். தன் கடையை மூடப்போகிற மூன்று நிமிடத்தை அவளிடமே கொடுத்துவிட்டுப் போவதா? பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், எண் கடந்துவிடும். கேட்டால், கூப்பிட்டது காதில் விழவில்லை என்பாள். ஆனால் வேறு யாரிடம் கொடுப்பது?

கொடுத்துவிட்டு வெளியே ஓடினார். காவலாளி தூங்கிக்கொண்டிருந்தார். கம்பியை எடுத்த சத்தத்தில் விழித்து, "யாரு?" என்றவர், ஆளைப் பார்த்து மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

மேல் தெரு மூலை வால்வு தபால்பெட்டிக்கு எதிரே, வெட்டவெளியில் இருந்தது. நாற்பது சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் மண்டபத்தில் என்ன நடக்கிறது என்றே மனம் ஓடியது. பத்தாவது ஆள் பேசுவாரா? பன்னிரண்டு? கோப்புக்காரர் இருக்கிறவரை பயமில்லை. யாராவது திடீரென்று சுருக்கமாகப் பேசிவிட்டால்? மூடிவிட்டுக் கீழ்த் தெருவுக்குச் சரிவில் இறங்கினார். தெரு முனையில் குடங்களும் வாளிகளும் வரிசையாக நின்றன.

"என்னப்பா, மாநாட்டுக்குப் போனதும் பெரிய மனுஷன் ஆயிட்டியா? மணி பதினொண்ணு பத்து!"

"இதோ, இதோ."

பழக்கத்தில் அக்கா கடை முன் இரண்டு தட்டுத் தட்டினார். மேசை நகரும் சத்தம் வரவில்லை. அப்போதுதான் இரும்புக் கதவையும் அதில் தொங்கும் பூட்டையும் பார்த்தார்.

இருபத்திரண்டு வருடத்தில் பதினோரு மணிக்கு அந்தக் கடை பூட்டியிருந்து அவர் பார்த்ததில்லை. தட்டினால் திறக்கும், நகரும், அவ்வளவுதான். பூட்டு என்ற ஒன்று இருப்பதே அவர் நினைவில் இல்லை. சாவி அக்காவின் மடியில். அக்கா மண்டபத்தில்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கால் ஓடியது. சரிவில் ஏறி, கம்பியைத் தோளில் போட்டபடி, வயதை மறந்து ஓடினார். பின்னால் வாளிக்காரர்கள் கத்தினார்கள். "தண்ணியை விட்டுட்டு எங்கேய்யா ஓடறே?"

மண்டப வாசலில் காவலாளி எழுந்து நின்றார். "கம்பி!"

"நீங்களே பிடிச்சுக்கிட்டு என் கூட வாங்க" என்று அதை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

மேடையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். இடது கையில் பதினேழாம் எண் டோக்கன், வலது கையில் மைக். ஐந்தாறு பேர் வராமல் போனதால் வரிசை சட்டென்று ஓடியிருந்தது.

"...காலர்ல இருந்துதான் தொடங்கணும். நிறைய பேரு முதுகுல இருந்து தொடங்கறாங்க, அது தப்பு. காலர், தோள்பட்டை, அப்புறம் கை..."

"அம்மா," என்றார் தலைவர், "நகரத்தின் எதிர்காலம் பற்றி..."

"நகரத்துக்காரங்க எல்லாம் கசங்கின சட்டையோடதான் நடக்கறாங்க, அது எதிர்காலம் இல்லையா? மூணு நிமிஷம் எனக்கில்ல, என் தம்பிக்கு. அவன் வர்ற வரைக்கும் நான் இங்கிருந்து இறங்க மாட்டேன். மணியடிச்சா அடிங்க, முழங்கால் வலியில எனக்கு வேற சத்தம் காதுல விழாது."

மண்டபம் சிரித்தது. வால்வுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. நடுவழியில் நின்றுவிட்டார். அவள் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"வந்துட்டான்" என்றாள் அக்கா மைக்கில்.

மேடை அருகே போய் மூச்சு வாங்க, "அக்கா, கடைச் சாவி குடு" என்றார். மைக் அதையும் வாங்கி மண்டபம் முழுக்கச் சொன்னது.

"எதுக்கு?"

"தண்ணி திறக்கணும்."

முன்வரிசையில் இருந்த வரைபடக்கார அம்மா தலை நிமிர்த்தினார். "தண்ணி திறக்கறதுக்குக் கடைச் சாவி எதுக்கு ஐயா?"

அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். கொடுக்கவில்லை, உயரப் பிடித்தாள். அவள் முகம் கடுத்திருந்தது. "எதுக்குன்னு இவங்களுக்குச் சொல்லிட்டு வாங்கிக்கோ. இதுக்கு மேல என்னால சட்டையைப் பத்திப் பேச முடியாது."

அவர் மேடையேறினார். எழுதி மனப்பாடம் செய்திருந்த முதல் வரி மறந்துபோனது. வரைபடத்தின் பக்கம் திரும்பினார்.

"இந்தப் படத்துல பதினொண்ணு இருக்கு. நான்தான் காட்டினேன். தப்பாக் காட்டினேன். இருபத்தாறு இருக்கு."

வரைபடக்கார அம்மா எழுந்து வந்தார். கோபம் குரலில் இல்லை, அதனால் கேட்க இன்னும் கஷ்டமாக இருந்தது. "ரெண்டு நாள் என்கூட நடந்தீங்களே ஐயா. டீ குடிச்சோமே."

"குடிச்சேன்மா. அதுதான் இன்னும் தொண்டையிலேயே நிக்குது."

அந்தப் பெண் தன் பையிலிருந்து சிவப்புப் பேனா ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அவருக்கு அளவு தெரியாது, எண் தெரியாது. அவருக்குத் தெரிந்தது எத்தனை காலடி என்பதுதான். எங்கிருந்து தொடங்குவது என்று ஒரு கணம் நின்றார். அக்கா கடையைக் கடைசியில் வைத்துக்கொண்டால் கை வராது. கீழ்த் தெரு முனையில் பேனாவை ஊன்றினார்.

"முதல்ல இது. என் அக்கா கடை. மேசைக்கு அடியில. கல்லைப் போட்டு மூடிட்டா அறுபது வீடு காயும்."

அக்கா வேறெங்கோ பார்த்தாள்.

பிறகு மணிக்கூண்டிலிருந்து மனதுக்குள் நடக்கத் தொடங்கினார். "இங்கிருந்து பதினெட்டு அடி... மரப்படி வீடு. அப்புறம் இருபத்தேழு..."

"யோவ், என் மிஷினைக் காட்டாதே!" என்று தையற்காரர் கத்தினார். கத்தியதும்தான் தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது உறைத்து, உட்கார்ந்து கைக்குட்டையால் முகம் துடைத்தார். பூனைக்கார அம்மா, "எங்க வீட்டுல செருப்பு அலமாரிக்கு அடியில ஒண்ணு இருக்கு, போட்டுக்குங்க, இடிச்சா பார்த்துக்கலாம்" என்றார். "நாங்க உன்னை நம்பினோம்ல?" என்று பின்வரிசையில் ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

பன்னிரண்டு சிவப்பு வட்டம் ஆனது. பேனா மருந்துக்கடைத் தெருவுக்குள் திரும்பியது. மணி அடித்தது. அன்றைய நாளில் அதுதான் முதல் மணி.

"நேரம் முடிந்தது" என்றார் தலைவர்.

"பல்லு டாக்டருக்கு அடிக்காத மணி, உங்க படி வந்ததும் அடிக்குதோ?" என்றாள் அக்கா.

தலைவர் மணியைப் பார்த்தார், மேசையில் வைத்தார்.

பதினைந்தாவது வட்டத்தைப் போட்டுவிட்டு, வால்வுக்காரர் சாவிக்காகக் கையை நீட்டினார். அக்கா வைத்தாள். அவர் காவலாளியிடமிருந்து கம்பியை வாங்கிக்கொண்டு, யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்காமல் ஓடினார்.

கடையைத் திறந்து மேசையைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். தேக்கு மேசை, மேலே பாறாங்கல் மாதிரி இஸ்திரிப் பெட்டி. இத்தனை வருடம் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வெளியே நின்றவருக்கு அதன் கனம் தெரியாது. துணி சுற்றிய முழங்காலோடு இதை அவள் தினம் இரண்டு தடவை நகர்த்தியிருக்கிறாள்.

வாளிக்காரர் ஒருவர் வந்து கைகொடுத்தார். மூடியைத் தூக்கி, கம்பியை இறக்கி, முப்பத்தாறு சுற்றுச் சுற்றினார். குழாய் முதலில் காற்றை ஊதியது. பிறகு செம்மண் நிறத்தில் வந்தது. பிறகு தெளிந்தது. மணி பதினொன்று நாற்பத்தெட்டு. ஒரு மணிக்கு இதை மூடி அடுத்த தெருவுக்குத் திறந்தாக வேண்டும். இன்றைக்கு எல்லோருக்கும் பாதிதான். வரிசையில் அதற்கும் ஒரு சண்டை வந்தது.

அக்கா நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டரை.

"தீர்மானத்தைத் தள்ளி வெச்சுட்டாங்க. திங்கக்கிழமை அந்தப் பொண்ணு உன்கூடத் திரும்ப நடக்குமாம், ஒவ்வொரு படியா. மூடி இருக்கற இடத்துல எல்லாம் கல்லைத் திறக்கற மாதிரி வெப்பாங்களாம்."

"படியெல்லாம்?"

"தெரியாதாம்."

"கடை?"

"கேட்டேன். 'என்னால இப்போ ஒண்ணும் சொல்ல முடியாதும்மா'ன்னு சொல்லுச்சு. நல்ல பொண்ணுதான், பொய் சொல்லல." நிறுத்தி, "நம்மள மாதிரி" என்றாள்.

அவர் மேசையைப் பிடித்தார். "பழைய இடத்துலயே போடட்டுமா?"

அக்கா திறந்து கிடந்த மூடியைப் பார்த்தாள். "வேண்டாம். தள்ளிப் போடு. வர்றவங்க குனியாம பார்க்கட்டும்."

தள்ளிப் போட்டதும் மேசையின் ஒரு கால் கடையின் தரையைத் தாண்டித் தெருவில் இறங்கியது. அவர் ஒரு செங்கல் தேடி முட்டுக் கொடுத்தார். போதவில்லை. அக்கா பெட்டியைச் சூடுபடுத்தி, நாளைக்குக் கொடுக்கவேண்டிய சட்டைகளில் முதலாவதை விரித்துக் காலரில் தொடங்கினாள். ஒவ்வொரு இழுப்புக்கும் மேசை ஆடியது.

"இது ஆடறது நிக்காதா?"

"இரு அக்கா."

அவர் தரையில் உட்கார்ந்து, செங்கல்லின் மேல் பாதத்தை அழுத்தி மேசைக்காலைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் மூடியில்லாத குழிக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு மணிக்கு எழுந்து அதை மூட வேண்டும். அதுவரைக்கும் பிடித்துக்கொள்ளலாம்.